நடுவுல சின்ன வீடா, ஓரத்துல பெரிய வீடா? வாடகைய மட்டும் பாத்தா கணக்கு தப்பும்

வாடகைக்கு வீடு தேடினா முக்காவாசி பேருக்கு கடைசில இந்த ரெண்டுதான் மிஞ்சும். ஊருக்கு நடுவுல, ஆபீஸ் பக்கத்துல, கால நீட்டுனா சுவர்ல இடிக்கிற மாதிரி ஒரு வீடு, இல்லன்னா ஊர் ஓரத்துல ரெண்டு பெட்ரூம், பால்கனி, நல்ல காத்து எல்லாம் இருக்கு ஆனா ஒரு தீப்பெட்டி வாங்கணும்னாலும் வண்டி எடுக்கணும். நான் ஓரத்துக்கு போய் ரெண்டே வருஷத்துல நடுவுக்கு திரும்பி வந்த கேஸு, அதனால கொஞ்சம் ஒரு பக்கமாத்தான் பேசுவேன், முதல்லயே சொல்லிடறேன்.

சம்பளத்துல 30 சதவீதத்துக்கு மேல வாடகைக்கு போகக்கூடாதுன்னு ஒரு ரூல் சுத்திட்டு இருக்குல்ல, அது அமெரிக்காவுல அரசு வீடுகள்ல குடியிருக்கறவங்ககிட்ட எவ்ளோ வாங்கலாம்னு போட்ட வரம்பு, 1969-ல 25 சதவீதம்னு வச்சாங்க, 1981-ல 30 ஆக்கிட்டாங்க, அவ்ளோதான். சம்பளம் கம்மியா இருக்கறவருக்கு 30 போனா மிச்சத்துல மாசம் ஓடாது, பெரிய சம்பளக்காரருக்கு 40 போனாலும் வலிக்காது. அதவிட வாடகையும் போக்குவரத்தும் சேர்ந்து 45 சதவீதத்த தாண்டக்கூடாதுன்னு ஒரு கணக்கு இருக்கு, எனக்கு அதுதான் சரியா படுது, ஏன்னா ஓரத்து வீடு மாட்டிக்கறது அங்கதான். வாடகைல மிச்சமாகுற காச பெட்ரோலும் ரெண்டாவது வண்டியும் தின்னுடும். சுண்டக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

நேரத்துக்கு வருவோம். போக 45 நிமிஷம், வர 45 நிமிஷம் கூடுதல்னு வைங்க, மாசம் 22 வேலை நாளுக்கு 33 மணி நேரம். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்கு போனா 66. வாரம் ரெண்டு நாள் மட்டும் ஆபீஸ்னா இதே கணக்கு தலைக்கு 13 மணி நேரத்துக்கு இறங்கிடும், அப்ப ஓரம் ஜெயிக்கும், மறுக்கல. 2020-ல நியூயார்க், சான் பிரான்சிஸ்கோவுல நடந்ததும் இதுதான், ஆபீஸ் மூடுனதும் நடு ஊர் வாடகை விழுந்துச்சு, நியூயார்க்ல ஆளுங்க திரும்புனதும் மறுபடி ஏறிடுச்சு.

இடம்னு பாத்தா ஓரம்தான், பேச்சே இல்ல. சின்ன வீட்டுக்கு சதுர அடி வாடகை பெரும்பாலும் ஜாஸ்தியா இருக்கும், கிச்சன் பாத்ரூம் செலவு சின்ன வீட்டுக்கும் உண்டு, போதாக்குறைக்கு தனியா வாழறவங்க கூடிட்டே போறாங்க. ஃபின்லாந்துல 10 வீட்டுல 4-க்கு மேல ஒத்த ஆள் வீடுதான். அவங்க எல்லாருக்கும் ஒரு ரூம் வீடுதான வேணும்.

யாரும் கவனிக்காதது அக்கம்பக்கத்துல யார் இருக்காங்கன்றது. நடுவுல பேச்சிலர்ஸ், படிக்கறவங்க, புதுசா கல்யாணமானவங்க வருவாங்க போவாங்க, ஒவ்வொரு தடவ வீடு காலியாகும்போதும் ஓனர் வாடகைய ஏத்திடுவார். ஓரத்துல ஸ்கூல் போற பசங்க இருக்கற குடும்பங்க அஞ்சாறு வருஷம் நகராது, ஒழுங்கா வாடகை குடுக்கற ஆள ஓனரும் விட மாட்டார், அதனால ஏத்தம் மெதுவா இருக்கும். ஆனா ஏரியா புதுசுன்னா குடும்பங்க முதல்ல வந்துரும், ஸ்கூலும் ஆஸ்பத்திரியும் பின்னாடி மெதுவா வரும், அந்த இடைவெளிய யார் தாங்கறதுன்னு யோசிங்க.

இன்னொன்னு, விளம்பரத்துல போடற வாடகை புதுசா வர்றவங்களுக்கு கேக்கற ரேட்டு, ஏற்கனவே குடியிருக்கறவங்க பெரும்பாலும் அதவிட கம்மியா குடுத்துட்டு இருப்பாங்க. அந்த பில்டிங்லயே ரெண்டு பேர்கிட்ட வருஷா வருஷம் எவ்ளோ ஏத்துறாங்கன்னு கேட்டுடுங்க.

ஸ்கூல் போற குழந்தை இருக்கு, ஆபீஸ் எப்பவாவதுதான்னா ஓரம். தினமும் ஆபீஸ் போகணும், வீட்ல ஒண்ணு ரெண்டு பேர்தான்னா நடுவுலயே இருங்க, இடிச்சாலும் பரவால்ல. ஓரத்து வீட்ட மட்டும் ஞாயித்துக்கிழமை மத்தியானம் போய் பாத்துட்டு அட்வான்ஸ் குடுத்துராதீங்க, திங்கக்கிழமை காலைல அந்த வாசல்ல இருந்து ஆபீஸுக்கு ஒரு தடவ கிளம்பி பாருங்க. நான் ஞாயித்துக்கிழமைதான் போனேன்.