ஓய்வுக்குப் பின்: கேரகர் வழியா, கொம்பனி வழியா?

ஜேமி கேரகர் லிவர்பூல் கால்பந்து அணி ஒன்றுக்கே 737 ஆட்டங்கள் ஆடியவர். வின்சென்ட் கொம்பனி மான்செஸ்டர் சிட்டியின் தலைவராக நான்கு முறை இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீக் வென்றவர். இருவரும் நடுத் தடுப்பாட்டக்காரர்கள். ஓய்வுக்குப் பின் போன திசைகள்தான் வேறு.

கேரகர் 2013இல் விளையாட்டை விட்டதும் ஸ்கை தொலைக்காட்சிக்குப் போனார். நிலையான வேலை, குடும்பத்துக்கு நேரம். ஒரு கோல் எப்படி விழுந்தது, எந்தத் தடுப்பாட்டக்காரர் எந்த நொடியில் இடம் மாறி நின்றார் என்று திரையை நிறுத்தி நிறுத்திக் காட்டுவார். பந்து வருவதற்கு முன்பே ஆபத்தைப் பார்க்கும் பழக்கம் அங்கே அப்படியே கைகொடுக்கிறது. ஆனால் வாராவாரம் வெற்றி தோல்வி என்ற அந்தத் துடிப்பு அதில் கிடையாது.

கொம்பனியின் வழி கரடுமுரடானது. அடிக்கடி காயம் படும் உடல் என்பதாலோ என்னவோ, ஆடும்போதே மான்செஸ்டரில் எம்பிஏ படித்து முடித்தார். 2019இல் பெல்ஜியத்தின் ஆண்டர்லெக்ட் அணியில் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் சேர்ந்தார். அப்புறம் இங்கிலாந்தின் இரண்டாம் நிலையில் இருந்த பர்ன்லி அணி: 2023இல் 101 புள்ளிகளோடு பிரீமியர் லீக்குக்கு ஏற்றினார், மறு ஆண்டே அணி மறுபடி இரண்டாம் நிலைக்கு இறங்கியது. வேறு யாராக இருந்தாலும் அதோடு முடிந்திருக்கும். அவரையோ ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் அணி பயிற்சியாளராக அழைத்தது; முதல் பருவத்திலேயே, 2025இல், அந்நாட்டு முதல்நிலைப் போட்டியான பண்டஸ்லிகாவின் பட்டம்.

மன நிம்மதி வேண்டுமென்றால் கேரகர் வழி. எனக்குப் பிடித்தது கொம்பனியின் துணிச்சல். பர்ன்லி இறங்கிய பிறகும் அவர் தன் ஆட்டமுறையைக் கைவிடவில்லை.