மாத்தளை மிளகுக்கு ஐந்தில் நான்கு, மலைத் தேயிலைக்கு ஒன்றரை: இந்திய–இலங்கை உடன்படிக்கைச் சலுகை, ஒரு மதிப்பீடு

இந்தியாவுக்கு மிளகு அனுப்பும் மாத்தளைக்காரருக்கு இந்தச் சலுகை காசு. இதையே நம்பித் தேயிலை அனுப்பக் கணக்குப் போடும் அட்டன்காரருக்கு இது பெரும்பாலும் வெறும் காகிதம். உடன்படிக்கை ஒன்றுதான், சான்றிதழ் கொடுக்கும் கவுண்டரும் ஒன்றுதான். பேச்சுவார்த்தை மேசையில் எந்தப் பொருளுக்கு என்ன நிபந்தனை எழுதினார்கள் என்பதில்தான் வித்தியாசம் கிடக்கிறது.

இங்கே மதிப்பிடுவது, இந்திய–இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கையின் கீழ் வர்த்தகத் திணைக்களம் வழங்கும் தோற்றச் சான்றிதழையும் (பொருள் இந்த நாட்டினுடையது என்று காட்டும் காகிதம்), அதைக் காட்டினால் இந்தியத் துறைமுகத்தில் கிடைக்கும் தீர்வைச் சலுகையையும். உடன்படிக்கை 1998 டிசம்பர் 28இல் புதுடில்லியில் கையெழுத்தாகி, 2000 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தீர்வையைப் படிப்படியாகக் குறைக்க இந்தியா எடுத்துக்கொண்டது மூன்று ஆண்டு. நமக்குக் கிடைத்தது எட்டு ஆண்டு. சலுகையே இல்லாத பொருட்களின் பட்டியலில் இந்தியா 429 வகைகளையும் இலங்கை 1,180 வகைகளையும் வைத்தன. சிறிய நாட்டுக்கு அதிக அவகாசம், நீளமான பாதுகாப்புப் பட்டியல்: அந்தப் பேரத்தில் நம் பக்கம் நன்றாகவே பேசியிருக்கிறது. ஆனால் மலையகத்தின் இரண்டு முக்கிய விளைபொருட்களும் பூச்சியத் தீர்வைக்கும் முழு மறுப்புக்கும் நடுவே, ஆண்டுக்கு இவ்வளவு அளவுக்கு மட்டும் சலுகை என்னும் ஒதுக்கீடு என்ற இடைவெளியில் போய் மாட்டிக்கொண்டன.

முதலில் மிளகு. இந்தியாவின் பொதுவான இறக்குமதித் தீர்வை 70 சதவீதம். தெற்காசிய சுதந்திர வர்த்தக ஏற்பாடான சாஃப்டாவில் இலங்கை மிளகுக்கு 8 சதவீதம். இந்த உடன்படிக்கையில் ஆண்டுக்கு 2,500 தொன் வரை பூச்சியம். 10 தொன் மிளகு, கப்பற்கட்டணமும் காப்புறுதியும் சேர்த்துக் கிலோ 500 இந்திய ரூபா என்று வைத்துக்கொண்டால் சரக்கின் பெறுமதி 50 லட்சம். அடிப்படைத் தீர்வை மட்டும் பொதுவழியில் 35 லட்சம், சாஃப்டாவில் 4 லட்சம், இதில் ஒன்றுமில்லை. அந்த 4 லட்சத்தை யார் எடுத்துக்கொள்வது என்பதுதான் கொள்வனவாளரோடு நடக்கும் உண்மையான பேரம். விலை பேசும்போது எந்தச் சான்றிதழோடு சரக்கு வருகிறது என்பதைச் சொல்லாமல் விட்டால், அது முழுவதும் அக்கரைக்குப் போய்விடும். ஒதுக்கீட்டில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைச் சரக்கு கட்டுவதற்கு முன்பே திணைக்களத்தில் கேட்டுவிடுங்கள். முடிந்துவிட்டால் சாஃப்டாச் சான்றிதழ்தான் அடுத்த வழி. அதற்குப் படிவமே வேறு.

அடுத்தது எல்லோரும் தடுக்கி விழும் கல். 2017 டிசம்பரில் இந்தியா மிளகுக்குக் குறைந்தபட்ச இறக்குமதி விலையாகக் கிலோவுக்கு 500 இந்திய ரூபா விதித்தது. 2018 மார்ச்சில் அதற்குக் கீழான விலையில் இறக்குமதியையே தடைசெய்தது. உலகச் சந்தை விலை அப்போது அதைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. தீர்வை பூச்சியமாக இருந்தென்ன, 450 ரூபாச் சரக்கு உள்ளே போகாது. அதிகம் அடிபட்டது முற்றாத இலேசு மிளகு. காரம் தரும் பைப்பரின் நம் மிளகில் அதிகம் என்பதால், எண்ணெய்ப்பிசின் வடிக்கும் இந்திய ஆலைகள் விரும்பி வாங்கும் சரக்கு அது, விலையும் மலிவு. ஏற்றுமதிக்காகவே இயங்கும் ஆலைகளுக்குப் பின்னர் விலக்குக் கொடுத்தார்கள். ஆகவே கொள்வனவாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல; அவர் எந்த வகை அனுமதியில் இறக்குமதி செய்கிறார் என்பதே. தடையை மீற இன்வொய்ஸில் விலையைக் கூட்டிப் போடச் சொல்லும் ஆட்களும் உண்டு. அந்தப் பக்கம் போகவேண்டாம்.

இந்தக் கெடுபிடி சும்மா வந்ததல்ல. வியட்நாம் மிளகு இலங்கைச் சான்றிதழோடு வருகிறது என்று கேரள, குடகு விவசாயிகள் சத்தம் போட்டார்கள். அதன் நிழல் இன்றும் உண்மையான மாத்தளை மூட்டைமீது விழுகிறது.

சட்டப்படி பார்த்தால் விதி தெளிவானது. நாட்டில் விளைந்து பறித்த பயிர், முழுமையாக இங்கே பெறப்பட்ட பொருள்; வேறு கணக்கு வேண்டாம். வெளிநாட்டு மூலப்பொருள் கலந்தால் இரண்டு நிபந்தனை: எஃப்.ஓ.பி. பெறுமதியில் (கப்பலில் ஏற்றும் வரையான விலை) குறைந்தது 35 சதவீதம் உள்நாட்டில் சேர்ந்திருக்க வேண்டும், எச்.எஸ். குறியீட்டின் (சுங்கம் பொருட்களை வகைப்படுத்தும் எண்) முதல் நான்கு இலக்கமான தலைப்பும் மாறியிருக்க வேண்டும். இரண்டாவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். முழு மிளகு 0904.11, அரைத்த மிளகு 0904.12. இறக்குமதி மிளகை இங்கே எவ்வளவு செலவழித்து அரைத்துப் பொதி செய்தாலும் தலைப்பு 0904தான், தகுதி இல்லை. அதையே எண்ணெய்ப்பிசினாக வடித்தால் 3301க்கு மாறிவிடும். இந்திய மூலப்பொருள் பயன்படுத்தினால் ஒரு சலுகை உண்டு: இலங்கைப் பங்கு 25 சதவீதம் இருந்து, இந்தியப் பங்கோடு கூட்டி 35ஐத் தொட்டால் போதும்.

காகித வேலையில் சான்றிதழ் எடுப்பது கடினமில்லை. அதைக் காப்பாற்றுவதுதான் வேலை. 2020 செப்டம்பர் 21 முதல் இந்தியச் சுங்கம் தோற்றத்தைப் பற்றிய தகவல்களை இறக்குமதியாளரே கையில் வைத்திருந்து, ஐந்து ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. சான்றிதழை நீட்டினால் முடிந்தது என்ற காலம் போய்விட்டது. சந்தேகம் வந்தால் இலங்கைக்கு எழுதிச் சரிபார்ப்பார்கள்; அதுவரை பிணை கட்டித்தான் சரக்கை எடுக்க வேண்டும். அந்தப் பணம் முடங்கும் எரிச்சலில் கொள்வனவாளர் அடுத்த ஓடரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்.

எனவே சேகரிப்புக் கடையிலேயே பதிவு தொடங்க வேண்டும். தோட்டக்காரர் பெயர், கிராம சேவகர் பிரிவு, எடை, திகதி என்று ஒரு கொப்பியில் இருந்தால் போதும். ஆனால் மூட்டை இலக்கத்தோடு பொருந்த வேண்டும். பத்துப் பேரின் மிளகை ஒரே குவியலில் கொட்டிவிட்டுப் பின்னால் பட்டியல் எழுதுவது முதல் கேள்வியிலேயே அம்பலமாகும். இன்வொய்ஸ், பொதிப்பட்டியல், தாவரச் சுகாதாரச் சான்றிதழ், தோற்றச் சான்றிதழ், கப்பற் பத்திரம் ஐந்திலும் தேறிய எடை ஒன்றாக இருக்கட்டும். ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு மேலிருக்கும்போது நிறுத்து மூட்டை கட்டினால், களஞ்சியத்தில் காய்ந்து எடை குறையும். பிறகு ஐந்து காகிதமும் ஐந்து கதை சொல்லும். எச்.எஸ். குறியீட்டில் முதல் ஆறு இலக்கம்தான் இரு நாட்டுக்கும் பொது. எட்டாவது இலக்கம் வரை நம்முடையதை எழுதிவிட்டு அது இந்திய அட்டவணையோடு ஒத்துப்போகும் என்று நினைக்கவேண்டாம். துறைமுகத்தில் சுங்க வேலை பார்க்கும் வாஃப் கிளார்க் பார்த்துக்கொள்வார் என்று விடுகிற இடமும் இதுதான். அவர் காகிதத்தைப் பார்ப்பார், மூட்டையைப் பார்க்கமாட்டார்.

தேயிலைக்கு நீட்டி எழுத அவ்வளவு இல்லை. சலுகைத் தீர்வையில் ஆண்டுக்கு 15 மில்லியன் கிலோ ஒதுக்கீடு. தொடக்கத்தில் கொச்சி, கொல்கத்தா துறைமுகங்கள் வழியாக மட்டும் என்று கட்டிப்போட்டிருந்தார்கள். அந்தக் கட்டுப்பாடு பின்னர் நீங்கியது. அப்போதும் ஒதுக்கீடு நிரம்புவதாக இல்லை. அசாமும் நீலகிரியும் வைத்திருப்பவருக்கு நாம் பெரும் மூட்டைகளில் மொத்தமாக அனுப்பும் தேயிலை எதற்கு? கலப்பற்ற இலங்கைத் தேயிலைக்கான சிங்க இலச்சினையோடு சிறு பெட்டிகளில் போகும் நுவரெலியா, ஊவாத் தேயிலைக்கு மட்டும் கொஞ்சம் இடம் உண்டு. அதிலும் கென்யத் தேயிலை ஒரு பிடி கலந்தால் சிங்கமும் போய்விடும், சலுகையும் போய்விடும். தேயிலைத் தலைப்பான 0902 உள்ளே போய் 0902ஆகவே வெளியே வருவது தலைப்பு மாற்றம் ஆகாது. 2005 ஜூனில் நடைமுறைக்கு வந்த பாகிஸ்தான் உடன்படிக்கை 10,000 தொன் தேயிலைக்குத் தீர்வை இல்லாமல் இடம் கொடுக்கிறது. அளவில் சிறிது, ஆனால் கொள்வனவு செய்யும் நாட்டில் கிடைத்த ஒதுக்கீடு.

மொத்தப் புள்ளி: மிளகுக்கு ஐந்தில் நான்கு. ஒன்றைக் குறைத்தது குறைந்தபட்ச விலைக்காக. தேயிலைக்கு ஒன்றரை.

இந்த உடன்படிக்கையை விரிவாக்கும் எட்கா பேச்சுவார்த்தை 2016இல் தொடங்கி, இடையில் நின்று, 2023இல் மீண்டது. அதற்கு முன் சீபா என்ற விரிவான உடன்படிக்கை 2008இல் கையெழுத்துக்கு அருகில் வந்து நின்றுபோனது. இனி மேசையில் உட்காருபவர்கள் பூச்சியத் தீர்வைப் பட்டியலை நீட்டுவதில் நேரத்தைச் செலவழித்தால் மாத்தளைக்கு ஒரு பயனும் இல்லை. ஒதுக்கீட்டுக்குள் வரும் சரக்குக்குக் குறைந்தபட்ச விலை போன்ற புதுத் தடை பொருந்தாது என்று ஒரு வரி, சரிபார்ப்புக் கேள்விக்குப் பதில் வரவேண்டிய கெடு, பேராதனையிலோ கொழும்பிலோ செய்த பரிசோதனை அறிக்கையைச் சென்னையில் ஏற்கும் ஏற்பாடு: இவை மூன்றும் எழுதப்பட்டால் மிளகுக்கு இன்னொரு அரைப் புள்ளி கொடுக்கலாம். தேயிலையின் ஒன்றரை அப்படியேதான் இருக்கும்.