'சாயங்காலமே சிரிக்கலாம்' என்று முன்பல்லுக்கு டிஜிட்டல் கேப் போட்டுக்கொண்ட கதை

போன மாதம் வண்டியிலிருந்து விழுந்ததில் மேல் முன்பல் ஒன்று பாதி உடைந்துபோனது. பத்து நாளில் நாத்தனார் மகள் கல்யாணம். அந்த அவசரத்தில், 'சாயங்காலமே சிரிக்கலாம்' என்று பெரிய போர்டு வைத்திருந்த ஒரு கிளினிக்கில் ஏறிவிட்டேன். பெயர் வேண்டாம்.

"மாவு வைத்து அளவெடுப்பதெல்லாம் இப்போது இல்லைம்மா. கேமராவில் ஸ்கேன், மெஷினே செதுக்கிவிடும்" என்றார் டாக்டர். உடைந்தது ஒரு பல்தான். பக்கத்துப் பல்லையும் ராவிக் கேப் போட்டால்தான் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும் என்றார். நல்ல பல்லை எதற்கு என்று கேட்க வாய் வந்தது. வாயில் பஞ்சு இருந்தது. இரண்டுக்கும் 28,000 ரூபாய். வெளிச்சம் ஊடுருவி நிஜப் பல் மாதிரியே தெரியும் ஈமேக்ஸ் என்ற செராமிக்தானே என்று கேட்டுக்கொண்டேன். அதேதான் என்றார்.

இரண்டு மணி நேரமாக வாயைத் திறந்துவைத்து, பல்லையெல்லாம் ராவி முடித்த பிறகு, டியூப்லைட் வெளிச்சத்தில் ஷேடு, அதாவது கேப்புக்கு எந்த நிறம் என்று, பார்த்தார்கள். சாயங்காலம் கேப் வந்ததும் கண்ணாடியைக்கூடக் கையில் தராமல் ஒட்டிவிட்டார்கள்.

வீட்டில் மாமியார் பார்த்துவிட்டு, "என்னம்மா, பாத்ரூம் டைல்ஸ் மாதிரி இருக்கு?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. கல்யாண போட்டோ எல்லாவற்றிலும் வாயை மூடியபடிதான் நிற்கிறேன். பத்தே நாளில் ஈறு சிவந்து, பிரஷ் பட்டாலே ரத்தம்.

வேறொரு டாக்டரிடம் போனேன். பொறுமையாக விளக்கினார். வாய் திறந்தபடி காய்ந்த பல் நிஜ நிறத்தைவிட வெளுத்துத் தெரியும், அதனால் ராவுவதற்கு முன்பே, பல் ஈரமாக இருக்கும்போது, பகல் வெளிச்சத்தில் ஷேடு பார்த்துவிட வேண்டுமாம். தண்ணீரில் கழுவினால் போய்விடும் பசை ஒன்று இருக்கிறதாம். அதை வைத்துப் போட்டுக் காட்டி, நாம் சரி என்ற பிறகுதான் நிரந்தரமாக ஒட்டுவார்களாம். ஈறு வீங்கியதற்குக் காரணம், உள்ளே வழிந்த சிமெண்டைச் சுத்தம் செய்யாமல் விட்டது.

மெஷினில் கேப் செதுக்கும்போது அந்தச் செராமிக் கட்டி என்ன நிறம் என்று கேட்டார். மெஷினின் கண்ணாடி வழியாகப் பார்த்திருந்தேன், சாக்பீஸ் வெள்ளை. அவர் சிரித்துவிட்டார். ஈமேக்ஸ் கட்டி செதுக்கும்போது ஊதாவாக இருக்கும், சூளையில் வைத்து எடுத்த பிறகுதான் பல் நிறம் வருமாம். எனக்குப் போட்டது ஜிர்கோனியா என்ற வேறொரு செராமிக். மட்டமான பொருள் இல்லை, கடைவாய்க்கு அருமையானது, வலுவும் அதிகம். ஆனால் வெளிச்சத்தை உள்ளே விடாத வகையை முன்பல்லில் போட்டால் சுண்ணாம்பு அடித்த மாதிரிதான் தெரியும் என்றார்.

பழைய இடத்தில் போய்க் கேட்டேன். "பழகிடும்மா." பில்லில் 'செராமிக் கேப் 2' என்று மட்டும் இருக்கிறது. பொருளின் பெயரும் இல்லை, வாரண்டி கார்டும் இல்லை. நீங்கள் போனால் பணம் கட்டும்போதே இரண்டையும் கேட்டு வாங்கிவிடுங்கள். அது இல்லாமல்தான் நுகர்வோர் கோர்ட்டுக்கு என்ன கொண்டுபோவது என்று முழித்துக்கொண்டிருக்கிறேன்.

கேப்பை மாற்றிவிடலாம். ராவிய நல்ல பல் திரும்ப வளராது. அதை நினைத்தால்தான் ராத்திரியில் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

இப்போது இரண்டிலும் தற்காலிக பிளாஸ்டிக் கேப். நாளை காலை 10 மணிக்கு ஷேடு பார்க்க அந்த இரண்டாவது டாக்டர் வரச் சொல்லியிருக்கிறார், லிப்ஸ்டிக் போடாமல்.