திருகோணமலை மீனுக்கு விமானமா, குளிர்க்கொள்கலனா?

திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கோதுமை ஏற்றிய கப்பல் வருகிறது, சீமெந்து மூலப்பொருள் ஏற்றிய கப்பலும் வருகிறது. ஆனால் குளிரூட்டிய கொள்கலன்களை ஏற்றிச் செல்லும் ஒழுங்கான கப்பற்சேவை இங்கு இல்லை. இயற்கை இத்தனை ஆழமான குடாவைக் கொடுத்தும், கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் இறங்கும் மீனும் கிண்ணியாவிலும் மூதூரிலும் பிடிபடும் இறாலும் நண்டும் வெளிநாடு போக வேண்டுமானால், முதலில் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தரைவழியே போயாக வேண்டும். அதன் பின்னர்தான் தெரிவு வருகிறது. கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து ஐஸ் மீனாக, அதாவது உறைய வைக்காமல் ஐஸில் இட்டு, விமானத்தில் அனுப்பலாம். கொழும்பிலிருந்து உறைந்த மீனாகக் கப்பலில் அனுப்பலாம். உறைய வைக்காமல் குளிர்நிலையிலேயே கப்பலில் அனுப்பும் மூன்றாவது வழியும் உண்டு. ஏற்றுமதியில் இறங்க எண்ணும் சங்கங்களும் சிறு முதலாளிமாரும் முதலில் விசாரிப்பது கிலோவுக்கு என்ன கட்டணம் என்பதையே. கட்டணத்தை இரண்டாவதாகக் கேட்டால் போதும். கையில் இருப்பது எந்த மீன், அது பிடிபட்டு எத்தனை நாளாயிற்று என்பதே முதற்கேள்வியாக இருக்க வேண்டும்.

மூன்றாவது வழியை முதலில் ஒதுக்கிவிடலாம். நன்றாக ஐஸ் இட்ட பெரிய மீன் ஏறத்தாழ இரண்டு வாரம் தாக்குப்பிடிக்கும் என்று வைத்துக்கொண்டாலும், பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கும் பலநாட்கலத்தில் பிடிபட்ட மீன் கரைக்கு வரும்போதே அந்த நாட்களில் ஒரு பெரும் பங்கு கழிந்திருக்கும். மிஞ்சிய நாட்களைத் துறைமுகக் காத்திருப்பும் கப்பற்பயணமும் தின்றுவிட்டால், வளைகுடா நாட்டுச் சந்தைக்குக்கூட விற்கத்தக்க மீன் போய்ச் சேராது. குளிர்நிலைக் கடல்வழி பழத்துக்கும் மரக்கறிக்கும் ஏற்றது. வாழைப்பழத்துக்கு 13 பாகை செல்சியஸ் அளவு வேண்டும், ஐஸ் மீனுக்குப் பூச்சியத்தை ஒட்டிய குளிர் வேண்டும். ஆகையால் இரண்டையும் ஒரே கொள்கலனில் ஏற்றிச் செலவைப் பகிரலாம் என்ற யோசனையும் எடுபடாது.

எஞ்சியவை இரண்டு. விமானத்தின் பலம் வேகம்: திருகோணமலையில் மாலையில் பொதி செய்த மீன், எல்லாம் ஒழுங்காக நடந்தால், இரண்டு மூன்று நாளில் ஐரோப்பியச் சந்தையில் இருக்கும். நூறு கிலோவாயினும் அனுப்பலாம் என்பது சிறு வணிகருக்குப் பெரிய வசதி. கட்டணமோ கப்பலைவிடப் பல மடங்கு. அதிலும் பலர் கவனிக்கத் தவறுவது, விமான நிறுவனங்கள் எடையையும் கன அளவையும் ஒப்பிட்டு அதிகமானதற்கே பணம் அறவிடுகின்றன என்பதை. வழக்கமான கணக்கில் ஒரு கன மீற்றர் 167 கிலோவாகக் கொள்ளப்படும். ரெஜிபோம் எனும் வெப்பம் புகாத நுரைப் பெட்டியின் தடித்த சுவரும் குளிர்ப்பொதிகளும் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், மீனுக்கு மட்டுமன்றி அந்தச் சுவருக்கும் பயணச்சீட்டு எடுக்க வேண்டியதாகிறது. விமானத்தில் ஏற்றுமுன் வெயில் காயும் தளத்தில் பெட்டிகள் நிற்கும் நேரமும் கணக்கில் சேர வேண்டும்.

கப்பலில் போகும் உயரம் கூடிய 40 அடிக் குளிர்க்கொள்கலன் ஏறத்தாழ 67 கன மீற்றர் கொள்ளும். உறைந்த சரக்கில் 25 தொன் அளவு ஏற்றலாம். அதன் வலிமையும் இடைஞ்சலும் இந்த அளவுதான். கிலோவுக்கான கட்டணம் வெகுவாகக் குறைகிறது. ஆனால் 25 தொன் இறாலோ கணவாயோ ஒரே தரத்தில் சேர்ப்பது தனியொரு சிறு முதலாளியால் இயலாத காரியம். வாடைக்காற்றில் கிழக்குக் கரை கொந்தளிக்கும் மாதங்களில் அது இன்னும் கடினம். எனினும் இதே காரணத்தால் உறைநிலை நமக்குப் பொருந்துகிறது என்றும் வாதிடலாம்: சோளகம் எனும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மீன் மலிந்து விலை விழும்போது உறைய வைத்துச் சேர்த்துக்கொண்டால், விற்கும் நாளை மீனவர் தரப்பே தீர்மானிக்கலாம். அதற்குக் குளிர்களஞ்சியத்தின் மின்கட்டணத்தைத் தாங்கும் மூலதனம் வேண்டும். நம் கரையோரப் பெண்கள் மின்சாரமே இல்லாமல் கருவாட்டில் செய்துவரும் வேலையும் அடிப்படையில் இதுவே.

கொள்கலன் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு. அது உறையவைக்கும் இயந்திரம் அன்று. ஏற்கெனவே உறைந்த சரக்கின் குளிரைக் காப்பது மட்டுமே அதன் வேலை. மீனின் நடுப்பகுதி கழித்தல் 18 பாகைக்கு வந்த பின்னரே அதை ஏற்ற வேண்டும். அவசரத்தில் கழித்தல் 9 பாகையில் ஏற்றினால், கொள்கலன் நாட்கணக்கில் தடுமாறும். அதற்குள் மீனில் பனித்துகள்கள் பெருத்துத் தசையைக் கிழித்துவிட, உருகும்போது நீர் வடிந்து எடை குறையும். குளிர்காற்று தரையிலுள்ள நீள்வரிகளின் வழியே வந்து மேலேறித் திரும்புவதால், உள்ளே வரையப்பட்டிருக்கும் சிவப்புக் கோட்டுக்கு மேல் பெட்டி அடுக்கக்கூடாது. பதிவுப் படிவத்தில் கழித்தல் குறி விடுபட்டு, 18 பாகைக் கூட்டலில் கொள்கலன் ஓடிய கதைகள் இத்தொழிலில் நகைச்சுவைபோலச் சொல்லப்படுகின்றன. அந்தச் சரக்கின் உரிமையாளர் சிரித்திருக்க மாட்டார்.

காலத்தைப் பொறுத்தவரை இரு வழிகளும் எதிரெதிரானவை. ஐஸ் மீனுக்கு ஒரு நாள் தாமதம் விலையைக் குறைக்கும், மூன்று நாள் தாமதம் மீனையே அழிக்கும். உறைந்த மீனோ காத்திருக்கும். 1882இல் டனீடன் என்ற பாய்க்கப்பல் நியூசிலாந்திலிருந்து லண்டனுக்கு உறைந்த இறைச்சியை 98 நாளில் கொண்டு சேர்த்தது. 2023 இறுதியில் செங்கடல் ஆபத்தானதும், கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கி ஐரோப்பியப் பயணம் ஏறத்தாழ இரண்டு வாரம் வரை நீண்டபோதும், உறைந்த சரக்குக்கு முக்கிய இழப்பு முடங்கிய பணமும் கூடிய கட்டணமும்தான்.

இருந்தும் எல்லா மீனையும் உறையவைக்கலாமா என்றால், இல்லை. சந்தையில் கெலவல்லா என்று அழைக்கப்படும் மஞ்சள் துடுப்புச் சூரையின் விலை அதன் சிவப்பு நிறத்தில் இருக்கிறது. கழித்தல் 18 பாகையில் அந்த நிறம் நாளடைவில் பழுப்பாகும். அதைத் தடுக்கக் கழித்தல் 60 பாகை அளவிலான சிறப்புக் குளிர் தேவை, அது சிறு பதப்படுத்துநரின் கைக்கு எட்டாது. பெரிய, முதல்தரக் கெலவல்லாவை விமானத்துக்கும், இறால், கணவாய், நண்டு ஆகியவற்றைக் கப்பலுக்கும் ஒதுக்குவதே என் பார்வையில் சரி. தரம் குறைந்த சூரையை எந்த வழியிலும் அனுப்பித் தேற்ற முடியாது. பிடித்தவுடன் ஐஸ் இடாத மீனில் உருவாகும் இசுட்டமின் என்ற நச்சுப்பொருள் உறைய வைத்தாலும் சமைத்தாலும் அழியாது. ஐரோப்பிய விதி ஒன்பது மாதிரிகளின் சராசரியைக் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்குள் வைத்திருக்கிறது. கலத்தில் நடந்த தவறு இறக்குமதி நாட்டின் எல்லை உணவு ஆய்வில்தான் வெளிப்படும்.

காப்புறுதியையும் ஒப்பிட வேண்டும். உறைந்த உணவுக்கான வழக்கமான கடல்வழிக் காப்புறுதி விதிகளின்படி, குளிரூட்டும் இயந்திரம் பழுதாகித் தொடர்ந்து 24 மணி நேரமாவது நின்றிருந்தால்தான் அந்தக் காரணத்தால் வந்த வெப்ப மாற்றத்துக்கு இழப்பீடு கிடைக்கும். பத்து மணி நேரம் நின்று கெட்ட சரக்குக்கு அந்த உட்பிரிவு உதவாது என்பதை, ஒப்பமிடுமுன் வாசித்தவர் சிலரே.

கடைசியாக, கப்பல் என்று முடிவானால் கொள்கலனை எங்கே நிரப்புவது? திருகோணமலையிலேயே நிரப்பினால் கதவு ஒருமுறை மூடிய பின் வெளிநாட்டில்தான் திறக்கும். ஆனால் வெறும் கொள்கலனை இங்கே வரவழைக்கும் செலவும், வழிநெடுக மின்சாரம் தரும் மின்னாக்கி பூட்டிய இழுவை வண்டியும் சேரும். கூலர் லொறியில் கொழும்புக்கு ஏற்றி அங்கே நிரப்புவது மலிவு. பலர் சேர்ந்து 25 தொன்னை நிரப்பவும் வசதி. ஆனால் ஒவ்வொரு பெட்டியும் ஒருமுறை கூடுதலாக வெளிக்காற்றைக் காணும். சங்கமாகச் சேர்ந்து அனுப்புவோருக்கு இரண்டாவதையே நான் பரிந்துரைப்பேன், ஒரு நிபந்தனையோடு: வெப்பப் பதிவுக் கருவியைக் கொழும்பில் வைக்காமல், இங்கு லொறியில் முதற்பெட்டி ஏறும்போதே வைக்க வேண்டும். கொழும்பில் வைத்தால், ஹபரணையில் லொறியின் குளிரூட்டி நின்ற இரண்டு மணி நேரம் எந்தத் தாளிலும் பதியாமல், அதன் பழி திருகோணமலைப் பதப்படுத்துநர் தலையில் வந்து விடியும்.