சுடிதார் பேண்ட்: கிராஸ் கட்டிங் பருத்தியா, லைக்ரா கலந்த பின்னல் துணியா?

சுடிதார் பேண்ட் எடுக்கும்போது பெரும்பாலோர் முதலில் நிறத்தைப் பார்க்கிறார்கள், பிறகு அளவைப் பார்க்கிறார்கள். துணி நெய்ததா பின்னியதா, எந்தத் திசையில் வெட்டப்பட்டது என்பதை ஒருவரும் கேட்பதில்லை. ஆனால் முழங்கால் முதல் கணுக்கால் வரை காலோடு ஒட்டி நிற்க வேண்டிய ஓர் உடை, உட்காரும்போதும் படியேறும்போதும் எந்த அளவுக்கு நெகிழ்ந்துகொடுக்கும் என்பதை அந்த இரண்டும்தான் தீர்மானிக்கின்றன.

நெய்த துணியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலும் அகலவாக்கில் ஓடும் ஊடை நூலும் ஒன்றையொன்று செங்கோணத்தில் குறுக்கிட்டுக் கிடப்பதால், நீளவாக்கிலோ அகலவாக்கிலோ இழுத்தால் அது அசைந்துகொடுக்காது. அதே துணியை 45 பாகைச் சாய்வில், மூலைவாக்கில் இழுத்துப் பார்த்தால், நூல்களுக்கு இடையே இருக்கும் நுண்ணிய சதுரங்கள் சாய்சதுரங்களாகச் சரிந்து, துணி நன்றாக நீண்டுகொடுப்பதைக் காணலாம். தையல்காரர்கள் கிராஸ் கட்டிங் என்று சொல்வது இந்தத் தன்மையைப் பயன்படுத்துவதைத்தான். அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் 1958-இல் ஸ்பேண்டெக்ஸ் இழையை உருவாக்கும்வரை, காலை இறுகப் பிடித்தும் மடங்க விடும் பேண்ட்டைச் சாதாரணப் பருத்தியில் தைக்க இதைவிட நல்ல வழி இருக்கவில்லை. இன்று லைக்ரா என்ற வணிகப் பெயரில் பரவலாக அறியப்படும் அந்த இழையைச் சிறிதளவு கலந்து பின்னிய துணியில், எந்தத் திசையில் வெட்டினாலும் நெகிழ்வு கிடைத்துவிடுகிறது; லெக்கிங்ஸ் மட்டுமல்ல, கடைகளில் ஆயத்தமாகத் தொங்கும் சுடிதார் பேண்ட்டுகளில் பலவும் இந்த வகையைச் சேர்ந்தவையே.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கணுக்காலில்தான் முதலில் தெரிகிறது. சுடிதாரின் அழகே கணுக்காலுக்கு மேல் வளையல் அடுக்கியதுபோல் விழும் சுருக்கங்கள் அல்லவா? அந்தச் சுருக்கம் நிற்பதற்குத் துணியில் ஓரளவு விறைப்பு வேண்டும். பாப்ளின், கேம்ப்ரிக் போன்ற நெருக்கமாக நெய்த மெல்லிய பருத்தியில் அவை ஒவ்வொன்றும் தனித்தனி வளையமாகத் தெளிவாக நிற்கின்றன. பின்னல் துணியிலோ லைக்ரா தன்னைத் தானே இழுத்துக்கொள்வதால் சுருக்கங்கள் மொழுமொழுவென்று உருண்டு, நடக்க நடக்க மேலேறிக் கெண்டைக்காலில் கூடிவிடுகின்றன. சுருக்கத்துக்காகவே சுடிதார் அணிபவருக்கு இந்த ஒரு காரணமே போதும் என்பது என் கருத்து.

வியர்வை விஷயத்தில் பலரும் இழையை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். வழக்கமான சோதனைச் சூழலில் பருத்தி தன் உலர் எடையில் ஏறத்தாழ 8 சதவீத ஈரத்தைக் காற்றிலிருந்து ஏற்றுக்கொள்ளும். மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் இழை அதைவிடக் கூடுதலாக ஏற்கும். பாலியஸ்டர் அரை சதவீதத்தைக்கூட எட்டாது. எனவே பாலியஸ்டர் கலந்த மலிவான பின்னல் துணி நாள் முழுவதும் அணிவதற்கு உகந்ததன்று. ஆனால் பருத்தி லைக்ராவாகவே இருந்தாலும், தோலோடு இடைவெளியின்றி ஒட்டிக்கிடக்கும் துணிக்குள் காற்று புகாது. கிராஸ் கட்டிங் பேண்ட்டில் இடுப்பும் தொடையும் தாராளமாக இருப்பதால், இறுக்கம் முழங்காலுக்குக் கீழேதான் தொடங்குகிறது. வெப்பமான நாளில் நெடுநேரம் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு இது பெரிய ஆறுதல்.

பின்னல் துணியின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. சம்மணமிட்டு அமர்வது, வண்டி ஓட்டுவது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது எல்லாவற்றுக்கும் அது தடையின்றி ஈடுகொடுக்கும், இஸ்திரி தேவையில்லை, உடல் எடை சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் அளவு கெடுவதில்லை. வாங்கும்போது கைவிரல்களை மடக்கி, துணியை அவற்றின்மேல் இழுத்துப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். விரல் கணுக்களின் நிறம் தெரிந்தால், உட்காரும்போது முழங்காலிலும் தொடையிலும் அதே நிலைதான். மேற்பரப்பில் மட்டும் நிறம் அச்சிட்ட துணியாக இருந்தால், இழுத்ததும் உள்ளிருக்கும் வெள்ளை எட்டிப்பார்க்கும். முழுவதும் சாயத்தில் தோய்த்த துணியில் இந்தக் குறை குறைவு. லைக்ராவுக்குப் பகை சூடும் குளோரின் பிளீச்சும். வெந்நீரில் ஊறவைத்தும் சூடான இஸ்திரி போட்டும் வந்தால் சில மாதங்களிலேயே முழங்கால் தொங்கத் தொடங்கும், அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. கிராஸ் கட்டிங் பருத்தியிலும் மாலைக்குள் முழங்கால் உப்பத்தான் செய்யும். ஆனால் ஒருமுறை அலசி உலர்த்தினால் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது.

விஸ்கோஸ் லைக்ரா மென்மையாகத் தொங்கும், மினுமினுப்பாகத் தெரியும். ஆனால் விஸ்கோஸ் நனைந்த நிலையில் வலுவிழக்கும் இழை என்பதால் அடித்துத் துவைக்கும் வீட்டுக்கு ஒத்துவராது. சாட்டினும் பட்டும் விழா உடைக்கு அழகுதான். வழுக்கும் நூல் என்பதால் இறுக்கமான இடங்களில் தையலோரம் இழை விலகிவிடும். அவற்றில் சுற்றளவைக் கொஞ்சம் தளர்த்தியே தைக்க வேண்டும். நீட்சியில்லாத நெய்த துணியை நேர்வாக்கில் வெட்டிச் சுடிதார் என்று விற்பதை மட்டும் எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். அது துணியை மிச்சப்படுத்தும்; முழங்காலை மடக்கியதும் தையல் பிரியும்.

தைக்கக் கொடுப்பதென்றால் துணி சற்றுத் தாராளமாக வேண்டும். சாய்வில் வெட்டுவதால் ஒரு பேண்ட்டுக்கு இரண்டிலிருந்து இரண்டரை மீட்டர் வரை செலவாகும். வெட்டுவதற்கு முன் துணியை நனைத்து உலர்த்திவிட வேண்டும். பருத்தி 5 சதவீதம் சுருங்கினால் 42 அங்குல நீளத்தில் 2 அங்குலத்துக்கு மேல் போய்விடும். கணுக்காலில் விழும் சுருக்கங்களுக்கென்று 5 அல்லது 6 அங்குலம் கூட்டி வைத்ததில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முதல் துவைப்பிலேயே மறைந்துவிடும்.

அளவெடுப்பதில் நான் அதிகம் வற்புறுத்துவது இரண்டு இடங்களை. முழங்கால் சுற்றளவை நின்றபடி எடுத்தால் போதாது. மடக்கி உட்கார்ந்த நிலையில் அது கூடும், அந்த அளவே கணக்கு. அடுத்தது குதிகால். பேண்ட்டின் வாய் கணுக்காலைத் தாண்டினால் மட்டும் போதாது, குதிகாலின் முனையையும் மேற்பாதத்தையும் சேர்த்துச் சாய்வாகச் சுற்றிய அளவைத் தாண்டியாக வேண்டும். இதற்காக வாயை அகலமாக வைத்துவிட்டால் சுருக்கங்கள் பாதத்தின்மேல் சரிந்து விழும். ஓரத்தில் சிறு திறப்பு விட்டு ஹூக் வைத்துத் தைப்பதே சரியான தீர்வு. ஆயத்த உடைகளில் இதைக் காண்பது அரிது. கெண்டைக்கால் பருத்தும் கணுக்கால் மெலிந்தும் இருப்பவர்களுக்கு இந்தத் திறப்பு இல்லாமல் சுருக்கம் நிற்கவே நிற்காது, ஆதலால் அவர்கள் தைத்து அணிவதே நல்லது.

தையல்காரரிடம் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். மூலைவாக்கில் வெட்டிய துணி தன் எடையாலேயே கீழிறங்கும். ஆகவே கால்களை இணைத்தபின் ஓர் இரவு தொங்கவிட்டு, மறுநாள் நீளத்தைச் சரிபார்த்துப் பிறகு கீழோரத்தை மடித்துத் தைக்கட்டும். உள்தொடையில் துணியை லேசாக இழுத்துப் பிடித்தபடி இரட்டைத் தையல் போடட்டும். துணி நீளும்போது நூல் நீளாவிட்டால் முதலில் அறுவது அந்த இடந்தான்.