அம்மாவின் ரிக்ளைனர்: மூன்று ஆண்டுகளும் ஒரு பிரேக் வயரும்

பாப்பாரப்பட்டியில் இருக்கும் நண்பர் ஒருவர், தம் தந்தைக்குக் கால் நீட்டும் வசதியுள்ள ரிக்ளைனர் வாங்கலாமா என்று சென்ற வாரம் கேட்டார். நாங்கள் 24,000 ரூபாய்க்கு வாங்கிய அதே நாற்காலி இப்போது 18,500 ரூபாய்க்குக் கிடைக்கிறதாம். அவர் கேட்ட நாளில் எங்கள் நாற்காலி தருமபுரியில் ஒரு சைக்கிள் கடை வாசலில் கவிழ்ந்து கிடந்தது. ஆகவே என் பதிலில் கொஞ்சம் சூடு இருந்திருக்கலாம்.

அம்மாவுக்கு 76 வயது. பென்னாகரம் பக்கம் கிணற்று நீரையும் பிறகு போர் தண்ணீரையும் குடித்து வாழ்ந்தவர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் வந்தபோது அறுபதைக் கடந்திருந்தார். நீரிலுள்ள ஃபுளோரைடு முதுகையும் மூட்டுகளையும் இறுக்கிவிடுவது எங்கள் பக்கத்தில் யாருக்கும் புதிய செய்தியன்று. அம்மாவின் முழங்கால் மடங்க மறுப்பதில் தண்ணீரின் பங்கு எவ்வளவு, வயதின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. தாத்தா காலத்து ஈஸிசேரில் அவர் உட்கார்ந்தால், துணித் தொட்டிலுக்குள்ளிருந்து தூக்கிவிட இருவர் வேண்டும். அதனால்தான் இதை வாங்கினோம்.

நல்லதை மறைக்கக் கூடாது. இரத்த அழுத்தத்துக்காக அம்மா அம்லோடிபின் மாத்திரை சாப்பிடுகிறார். அதனால் கணுக்கால் வீங்கக்கூடும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். காலை மட்டும் உயர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தால் பெரிய பயன் இல்லை, முதுகையும் நன்றாகச் சாய்த்து, பாதம் நெஞ்சு மட்டத்தை நெருங்கினால்தான் வீக்கம் வடிகிறது என்பதை நாங்கள் மெதுவாகத்தான் கற்றுக்கொண்டோம். இப்போது மதியம் இரண்டு மணி நேரம் அப்படிச் சாய்ந்தால், மாலையில் காலில் கொலுசுத் தடம் பதிவதில்லை. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

ஆனால் நீட்டிய காலை மடக்குவது யார்? பக்கவாட்டிலுள்ள வளையத்தை இழுத்தால் கொக்கி விடுபட்டு, ஸ்பிரிங் கால் பலகையை வெளியே தள்ளிவிடும். அதற்கு ஒரு விரல் போதும். திரும்ப மூட வேண்டுமானால், உட்கார்ந்திருப்பவர் முழங்காலை மடக்கி, குதிகாலால் அந்த ஸ்பிரிங்கை எதிர்த்து, கொக்கி விழும் வரை அழுத்த வேண்டும். முழங்கால் மடங்காதவருக்காக வாங்கிய நாற்காலி, முழங்காலை மடக்கினால்தான் வெளியே விடுவேன் என்கிறது! கடையில் அம்மாவை உட்காரவைத்துக் காட்டியபோது, ஒவ்வொரு முறையும் பலகையை இறக்கியது விற்பனையாளரின் கை. அதை நான் பார்த்துக்கொண்டேதான் நின்றேன். ஆகவே நாளுக்கு ஐந்தாறு முறை, "டேய், கால இறக்கி உடுடா" என்ற குரல் கூடத்திலிருந்து வரும். ஒரு நாள் நான் வீட்டில் இல்லாதபோது, பலகை நீண்டிருக்கும்போதே முன்பக்கமாக இறங்கப் பார்த்திருக்கிறார். 44 கிலோ உடம்புக்கே நாற்காலி முன்னால் சாய்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண் பிடித்துக்கொண்டதால் எலும்பு தப்பியது.

பழுது வேறு கதை. வளையத்துக்கும் கொக்கிக்கும் இடையே ஓடும் கம்பி அறுந்துபோனது. வாங்கிய கடையில் உதிரிப் பாகம் வர ஆறு வாரம் ஆகும் என்றார்கள். சைக்கிள் கடைக்காரர் அடிப்பக்கத் துணியை விலக்கிப் பார்த்து, "இது பிரேக் வயர்தானே சார்" என்றார். கூலியோடு 120 ரூபாய். முன்பைவிட இப்போது மென்மையாக இழுக்கிறது. மூடுவதற்கு மட்டும் அதே முரட்டுத்தனம்.

இருக்கையின் ஆழம் அம்மாவுக்கு அதிகம் என்பதால், முழங்காலின் பின்புறம் இரண்டு விரல் இடைவெளி கிடைக்கும்படி முதுகுக்குத் தலையணை வைத்திருக்கிறோம். ரெக்சின் கோடையில் ஒட்டுகிறது. பழைய வேட்டியை விரித்ததும் தீர்ந்தது. இவை பெரிய குறைகளல்ல.

கிருஷ்ணகிரியில் தம்பியின் மாமனார் மோட்டார் வைத்தது வைத்திருக்கிறார். பொத்தானை அழுத்தினால் தானே மூடிக்கொள்கிறது. பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்திய ஒரு நாளில் அவர் கால் நீட்டிய நிலையிலேயே மாட்டிக்கொண்டார். இப்போது அதை இன்வெர்ட்டர் இணைப்புக்கு மாற்றிவிட்டார்கள். நண்பர் அதை வாங்கினால் இந்த இணைப்பை முதல் நாளே செய்துகொள்ளட்டும். கையால் இயக்குவதையே வாங்குவதென்றால் தந்தையைக் கடைக்கு அழைத்துப் போய், விற்பனையாளரைத் தள்ளி நிற்கச் சொல்லி, அவரே பலகையை மூடுகிறாரா என்று பார்க்கட்டும்.

இதையெல்லாம் தொலைபேசியில் நிதானமாகச் சொல்லத்தான் எண்ணியிருந்தேன். பழுது பார்த்த நாற்காலி வீட்டுக்கு வந்த மறுநாள் மாலை நண்பர் அழைத்தார். மூன்று நாள் பிரிவுக்குப் பின் அம்மா அதில் அயர்ந்து தூங்கி அப்போதுதான் விழித்திருந்தார். கணுக்கால் வீக்கம் நன்றாக வடிந்திருந்தது. நான் வாயெடுப்பதற்குள் கூடத்திலிருந்து குரல் வந்தது. "வாங்காதீர்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு, காலை இறக்கிவிடப் போனேன்.