டிஎஃப்எம்ஓ கூட்டணியா, பென்ஸ்பிஎம் கூட்டணியா? புராஸ்டேட் புற்றுநோய் செல்களில் ஓர் ஒப்பீடு

புராஸ்டேட் புற்றுநோய் செல்களில், செல் பெருகத் தேவையான பாலிஅமைன்களை (புட்ரெசின், ஸ்பெர்மிடின், ஸ்பெர்மின் என்னும் சிறு மூலக்கூறுகளை) குறிவைத்துக் கூட்டு மருந்துச் சோதனை செய்ய நினைப்பவர்கள் முன்னால் முக்கியமாக இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, பாலிஅமைன் தயாரிப்பை நிறுத்தும் டிஎஃப்எம்ஓவுடன், வெளியிலிருந்து பாலிஅமைன் உள்ளே வருவதைத் தடுக்கும் ஏஎம்எக்ஸ்டி 1501-ஐச் சேர்ப்பது. இன்னொன்று, ஸ்பெர்மினை ஒத்த செயற்கை மூலக்கூறான பென்ஸ்பிஎம்முடன் வேறொரு மருந்தைச் சேர்ப்பது. எங்கள் ஆய்வகத்தில் முதல் வழியைத் தேர்ந்தெடுத்தோம். இன்றும் என் ஓட்டு அதற்குத்தான்.

செல்களைக் கொல்லும் வேகத்தை மட்டும் பார்த்தால் பென்ஸ்பிஎம்தான் முன்னால் நிற்கிறது. 10 மைக்ரோமோலார் அளவே போதும். டிஎஃப்எம்ஓவோ மில்லிமோலார் கணக்கில் வேண்டும். பென்ஸ்பிஎம் எஸ்எஸ்ஏடி நொதியைத் தூண்டிவிடுகிறது. அந்த நொதி ஸ்பெர்மினையும் ஸ்பெர்மிடினையும் அசெட்டைலேற்றம் செய்து (அசெட்டைல் தொகுதியை ஒட்டி) வெளியே தள்ளுகிறது. புராஸ்டேட் செல்கள் இயல்பாகவே பாலிஅமைனைத் தயாரித்துச் சுரந்துகொண்டே இருப்பவை. இழந்ததை ஈடுகட்ட அவை மேலும் தயாரிக்க, அசெட்டைல் தொகுதியைத் தரும் அசெட்டைல் கோஏ, தயாரிப்புக்குத் தேவையான மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் இரண்டுமே கரைகின்றன.

டிஎஃப்எம்ஓ அப்படியல்ல. புட்ரெசினும் ஸ்பெர்மிடினும் நன்றாகக் குறையும், ஸ்பெர்மின் பெரிதாகக் குறையாது. செல் சாவதைவிட வளர்ச்சி மந்தமாவதே அதிகம். போதாததற்கு, செல் வளர்க்கும் திரவமான மீடியத்தில் கிடைக்கும் பாலிஅமைனை இழுத்துக்கொண்டு செல் சமாளித்துவிடும். அதனால்தான் உள்ளே நுழையும் வழியையும் அடைக்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் ஏன் டிஎஃப்எம்ஓ? மீட்புச் சோதனைக்காக, அதாவது குறைந்த பாலிஅமைனைத் திரும்பக் கொடுத்து வளர்ச்சி மீள்கிறதா என்று பார்ப்பதற்காக. செல் வளர்க்கும் பிளேட்டில் டிஎஃப்எம்ஓ போட்ட குழியில் 1 மைக்ரோமோலார் ஸ்பெர்மிடின் சேர்த்தால் வளர்ச்சி மீள்கிறது. கூடவே ஏஎம்எக்ஸ்டி 1501 இருந்தால் மீள்வதில்லை. ஒரே பிளேட்டில், பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் இது தெரிந்துவிடும். வளர்ச்சி நின்றது பாலிஅமைன் பற்றாக்குறையால்தான், மருந்தின் வேறு ஏதோ நச்சால் அல்ல என்று சொல்ல இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை. பென்ஸ்பிஎம்மில் இது எளிதில் கைகூடாது. அது பாலிஅமைனை உள்ளே இழுப்பதையே குறைத்துவிடுகிறது. தப்பி நுழைவதையும் எஸ்எஸ்ஏடி விட்டுவைப்பதில்லை. செல் செத்தது பற்றாக்குறையாலா, பாலிஅமைன் ஆக்சிஜனேற்றத்தில் உண்டான ஹைட்ரஜன் பெராக்சைடாலா, அந்தப் போலி மூலக்கூறாலேயேவா என்று பிரித்துச் சொல்லத் தனித்தனியாகச் சோதனைகள் வேண்டும்.

மீட்புச் சோதனைக்கு ஒரு நிபந்தனை உண்டு. மீடியத்தில் வழக்கமாக நாம் சேர்க்கும் 10 சதவீத மாட்டுச் சீரத்தில் அமைன் ஆக்சிடேஸ் என்ற நொதி இருக்கிறது. ஸ்பெர்மினோ ஸ்பெர்மிடினோ சேர்த்தால் அது ஆல்டிஹைடும் பெராக்சைடும் உண்டாக்கிவிடும். மீட்கப் போட்டதே செல்லைக் கொன்றுவிடும். மருந்தோடு ஸ்பெர்மினைச் சேர்த்ததும் செல்கள் கொத்தாகச் செத்தன என்று யாராவது காட்டினால், சீரம் எது என்று முதலில் கேளுங்கள். அந்த நொதியைத் தடுக்கும் அமினோகுவானிடினை 1 மில்லிமோலார் போட்டால் இந்தத் தொல்லை அடங்கும். அமினோகுவானிடின் மட்டும் உள்ள குழிகளையும் தனியாக வைத்துவிடுங்கள், அதற்கும் வேறு விளைவுகள் உண்டு. பென்ஸ்பிஎம்மின் இரு முனைகளும் எத்தில் தொகுதியால் மூடியிருப்பதால் இந்தச் சிக்கல் அதற்கு இல்லை. அந்த ஒரு வசதியை நான் மறுக்கவில்லை.

இன்னொன்று, டிஎஃப்எம்ஓ ஏற்கெனவே மனிதர்களுக்குக் கொடுக்கப்படும் மருந்து. 1990-இல் ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்கும், 2023-இல் நியூரோபிளாஸ்டோமாவுக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பென்ஸ்பிஎம் அந்த இடத்துக்கு வரவில்லை.

பென்ஸ்பிஎம்முடன் எம்டிஏபி நொதித் தடுப்பானைச் சேர்க்கும் வழியை நான் கையால் செய்து பார்த்ததில்லை. வெளிவந்த ஆய்வுகளை வைத்துத்தான் பேசுகிறேன். பாலிஅமைன் தயாரிப்பில் மிஞ்சுவதை மெத்தியோனினாக மீட்டெடுக்கும் பாதையை அது அடைக்கிறது. புராஸ்டேட் செல்லின் பலவீனத்தையே குறிவைக்கும் யோசனை என்பதால் எனக்குப் பிடித்திருக்கிறது. மெத்தியோனின் வளர்சிதை மாற்றம்தான் உங்கள் கேள்வி என்றால் தயங்காமல் அந்தப் பக்கம் போங்கள்.

டிஎஃப்எம்ஓ பக்கம் வருபவர்கள் 24 மணி நேரத்தில் எம்டிடி (உயிருள்ள செல்களை நிறமாற்றத்தால் அளக்கும் சோதனை) பார்த்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம். குறைந்தது நான்கு நாள் விட்டு, செல்களை எண்ணிப் பாருங்கள். எல்என்கேப் என்ற புராஸ்டேட் புற்றுநோய் செல்கள் என்றால் கூடுதல் கவனம் தேவை. 1977-இல் ஒரு நோயாளியின் நிணநீர்க் கணுவிலிருந்து எடுத்து வளர்த்த இந்த வகை மெதுவாகப் பெருகும், தரையில் சரியாக ஒட்டாது. மீடியம் மாற்றும்போது பிப்பெட்டைக் குழியின் ஓரச் சுவரில் சாய்த்து, மெல்ல உறிஞ்சுங்கள். இல்லையென்றால் பிடுங்கிக்கொண்டு போன செல்கள் எல்லாம் மருந்தின் கணக்கில் சேர்ந்துவிடும்.